கல்கத்தாவுக்கு ஐந்து மணி நேரம்

1942 மார்ச் மூன்றாம் தேதி மத்தியானம், மொரப்பூர் ரயிலடியிலிருந்து வந்த, கரியில் ஓடும் பஸ்ஸில் அப்துல் ரஷீத் தருமபுரியில் வந்து இறங்கினான். ரங்கூனுக்குப் போன அண்ணன் தம்பி இருவரில் அவன் இளையவன். மூத்தவன் அப்துல் ஷுக்கூர் வரவில்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு நூறு கஜம்தான். அதைக் கடப்பதற்குள் பத்துப் பேர் கூட வந்துவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தனியாக வருகிறவனிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. அதை அவனைப் பெற்றவள் கேட்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அஸ்கரி பேகம் கேட்டாள். “ஷுக்கூர் எங்கடா?”

“பாய்ஜான் மவுத்தாயிட்டாரும்மா” என்றான் ரஷீத். அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

சமையல் கட்டில் நின்ற ஹமீதுன்னிசாவுக்கு அது கேட்டது. அவள் ஷுக்கூரின் மனைவி. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவன் எட்டு வருஷம் ரங்கூனில் இருந்தான். மர ஆலை ஒன்றில், கப்பலேறும் தேக்குக் கட்டைகளை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மாதம் வந்து இருப்பான். மற்ற நாளெல்லாம் கடிதம்தான். கடைசிக் கடிதம் பிப்ரவரி பத்தாம் தேதி ரங்கூனில் எழுதியது. டிசம்பரில் குண்டு விழுந்தபோது உத்தரம் சரிந்து முழங்காலில் பட்டது இன்னும் ஆறவில்லை என்றும், ரஷீத் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறான் என்றும் அதில் இருந்தது. அந்தக் கடிதம் வந்து ஐந்தாறு நாள்தான் ஆகியிருந்தது.

ரஷீத் சொன்னது இவ்வளவு. கப்பலில் இடம் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஜனங்களோடு இருவரும் நடந்து கிளம்பினார்கள். அரக்கான் மலை ஏறும்போது அண்ணனுக்கு வாந்திபேதி கண்டது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கிடந்து இறந்துபோனார். வழியோரத்திலேயே அடக்கம் செய்தார்கள். தொழவைக்க நாலு பேர் கிடைத்தார்கள்.

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். துஆ ஓதினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்டே ஆகவேண்டியதைக் கேட்டார்.

“மருமகப் பொண்ணு இத்தா இருக்கணும், திரைக்குள்ள. நாலு மாசம் பத்து நாள். சேதி வந்த நாள்லேர்ந்து இல்லை, மவுத்தான நாள்லேர்ந்து எண்ணணும். எந்தப் பிறை தம்பி?”

அதுவரை கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்ன ரஷீத் இதற்குத் தயங்கினான். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான்.

“ஸஃபர் பிறை ரெண்டு ஹஜ்ரத். வியாழக்கிழமை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு நாள் கூடக் குறையப் பிசகக் கூடாது.”

“யோசிச்சுத்தான் சொல்றேன். பிறை ரெண்டுதான்.”

ஹஜ்ரத் விரல் மடக்கி எண்ணினார். ஜமாதுல் ஆகிர் பிறை பன்னிரண்டு வரை என்றார். அன்றைக்கே பன்னிரண்டு நாள் கழிந்திருந்தது. சொந்தக்காரப் பெண்கள் இருவர் உள்ளே போய் ஹமீதுன்னிசாவின் கருகமணியை அவிழ்த்து, கண்ணாடி வளையல்களைக் கழற்றி, வெள்ளைச் சேலை கட்டிவிட்டார்கள். உள்ளறை வாசலில் கயிறு கட்டித் திரை தொங்கவிட்டார்கள்.

திரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தது. பிற ஆண்கள் அவளைப் பார்க்கக் கூடாது. அவளும் அவர்களைப் பார்ப்பதில்லை. ஆனால் முன்னறைக்கு யார் வந்தாலும் பாதம் மட்டும் அந்த இடைவெளியில் தெரியும். ஒரு வாரத்தில் அவள் பாதங்களை வைத்தே ஆளைச் சொல்லப் பழகிவிட்டாள். ஹஜ்ரத்தின் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். சுண்ணாம்புக் காளவாய்க்காரர் காலில் எப்போதும் வெள்ளை படிந்திருக்கும். ரஷீதின் பாதங்கள் வழவழவென்று இருந்தன. குதிகாலில் ஒரு வெடிப்பில்லை. செருப்பு வார் பட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. ஒருத்தனாவது முழு உடம்போடு வந்து சேர்ந்தானே என்றுதான் அவள் அப்போது நினைத்தாள்.

ரஷீதுக்குக் கதை சொல்ல வந்தது. பூட்டிக் கிடந்த தகப்பனாரின் இரும்புச் சாமான் கடையைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவனிடம், ஆணி வாங்க வந்தவன் ஆணியை மறந்து நின்று கேட்டான். மூங்கிலை வெட்டி அதன் கணுவிலிருந்து தண்ணீர் குடித்தது, யானைக் கூட்டத்துக்கு வழிவிட்டு ராத்திரி முழுக்க மரத்தில் இருந்தது, குழந்தையை வழியில் வைத்துவிட்டு ஒரு தெலுங்குப் பெண் நடந்துபோனது. மாலையில் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். திரைக்குப் பின்னால் ஹமீதுன்னிசாவும் அதையெல்லாம் கேட்டாள். எந்தக் கதையிலும் ஷுக்கூர் இல்லை என்பதை அவள் கவனித்தாள். இறந்தவரைப் பற்றிப் பேச மனம் வரவில்லை போலும் என்று விட்டுவிட்டாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் நல்லம்பள்ளியிலிருந்து சாலம்மாள் புளி கொண்டுவந்தாள். வருஷா வருஷம் அந்த வீட்டுக்கு அவள் புளிதான். பெண் என்பதால் திரையை நீக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் அதை மறைக்கிற பாடும் சேர்ந்து தெரிந்தது.

“துக்க வூட்ல சொல்லக் கூடாதுதான் சின்ன பாயம்மா. எங்கூட்டுக்காரரு வந்துட்டாருங்க. புதங்கெழமை. ரங்கூன்ல இருந்து நடந்தே.”

சாலம்மாளின் புருஷன் பச்சியப்பன் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். ஆறு வருஷமாக ஊர்ப்பக்கம் வராதவன்.

“அல்ஹம்துலில்லா. நல்லா இருக்காரா?”

“என்னத்த நல்லா! காலு ரெண்டும் கால் மாதிரியாங்க இருக்குது? பொளந்து பொளந்து, பாளம் பாளமா. நகமே இல்லை. தரையில ஊன வைக்க முடியல. எருமைக் கன்னுக்குட்டியாட்டம் கையும் காலுமா ஊர்றாரு. நாஞ் சொன்னேன், ஆறு வருசங்கழிச்சு வந்தது புருசனா, தவழ்ற புள்ளையான்னு.” சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹமீதுன்னிசாவும் லேசாகச் சிரித்தாள். ஐந்து வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. “எத்தனை நாள் ஆச்சாம் நடந்துவர?”

“நாப்பத்தாறு நாளுங்க. ரங்கூன்ல கெளம்புனதுலேர்ந்து எங்கூட்டுப் படி மிதிச்ச வரைக்கும். இத்தனைக்கும் இவரு மூட்டை தூக்குன ஒடம்பு. உங்க கொழுந்தனாரு எத்தன நாளுங்க?”

ஹமீதுன்னிசா மனதுக்குள் எண்ணினாள். பிப்ரவரி பத்தாம் தேதி இருவரும் ரங்கூனில் இருந்தார்கள். அது அவள் கணவன் கையெழுத்து. மார்ச் மூன்றாம் தேதி ரஷீத் தருமபுரியில். கடிதம் எழுதிய அன்றைக்கே கிளம்பியிருந்தாலும்...

“இருபத்தோரு நாள்” என்றாள்.

“ஆத்தாடி! ரெக்கை கட்டிக்கிட்டுல்ல வந்திருப்பாரு!”

சாலம்மாள் அதை வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஹமீதுன்னிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டி உடைந்த மனிதனைத் தாங்கிக்கொண்டு பாதி வழி, அவனை அடக்கம் செய்துவிட்டு மீதி வழி, எல்லாம் இருபத்தோரு நாளில். அந்த வழவழப்பான குதிகால்கள். அவள் புளிக்கூடையை நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுக்காரரை அங்க பார்த்ததுண்டா?”

சாலம்மாள் விழித்தாள். “பாத்தாராங்களா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தானங்க ரங்கூன விட்டே கெளம்பியிருக்காங்க! அதச் சொல்லத்தான் நா வாயெடுத்தேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. பெரிய பாயி செத்துட்டாராம்னு நாஞ் சொன்னதும் இவரு என் மேல எரிஞ்சு விழுந்தாரு. ‘யார்றி சொன்னது? தம்பியா? தம்பி உசுரோட இருக்கானா?’ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியலீங்க.”

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் பச்சியப்பனைக் கூட்டிவந்தார்கள். ஹமீதுன்னிசா சாலம்மாளிடம் சொல்லியனுப்பியிருந்தாள். மாமியாரிடம், ரங்கூனிலிருந்து வந்தவர் துக்கம் கேட்க வருகிறார் என்று மட்டும் சொன்னாள். வண்டிக்காரனும் சாலம்மாளும் கைத்தாங்கலாக அவனை முன்னறையில் உட்கார வைத்தார்கள். திரைக்குக் கீழே அவனுடைய பாதங்கள் தெரிந்தன. வேப்பெண்ணெய் தடவி, பழைய வேட்டிக் கிழிசலால் சுற்றியிருந்தது. கிழிசலில் ஈரம் ஊறியிருந்தது.

அவற்றுக்கு எதிரே, மூன்றடி தள்ளி, ரஷீதின் பாதங்கள்.

“வாங்க சின்ன பாயி” என்றான் பச்சியப்பன். குரலில் கோபமில்லை. நிஜமான சந்தோஷம்தான் இருந்தது. “உங்கள இப்படிப் பாப்பேன்னு நெனைக்கலீங்க. செத்துத்தான் போயிட்டீங்கன்னு நெனச்சோம்.”

“யாரு நெனச்சா?” என்றாள் அஸ்கரி பேகம்.

“நானும் பெரிய பாயியுந்தாங்க. பாயம்மா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. நா வந்து நாலு நாளாச்சு. உங்கூட்டுக்குச் சொல்லி அனுப்பாததுக்குக் காரணம் அதாங்க. ‘தம்பி காணாமப் போன விசயம் எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராத பச்சியப்பா, அவங்க தாங்க மாட்டாங்க, நானே வந்து பக்குவமாச் சொல்லிக்கறேன்’னு பெரிய பாயி என் கையப் புடிச்சுச் சொன்னாரு.”

தெருவில் ஒரு வண்டி கடகடத்துப் போயிற்று.

“எப்போ சொன்னான்?” அஸ்கரி பேகத்தின் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

“பிரோம்ல, படகுத் துறையிலங்க. ஒரு வெள்ளிக்கெழம. சொல்றன் கேளுங்க. பெரிய பாயிக்குக் காலு முடியாதுல்லீங்களா, ஆலை தொரை ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருக்காரு, ஏரோப்ளேன்ல ஏத்திவுடச் சொல்லி. வெள்ளக்காரங்களுக்கே கெடைக்காத சீட்டு. அதுல ஆபீஸ்ல ஒரு முத்திரை போடணுமாம். அண்ணனால நடக்க முடியாதுன்னு புதங்கெழமை தம்பி அத எடுத்துக்கிட்டுப் போனாரு. போனவரு வரலீங்க. பகலெல்லாம் சைரன். எங்கியாச்சும் குண்டுல மாட்டிக்கிட்டாரோன்னு பெரிய பாயி பதறிட்டாரு. வேழக்கெழமை, வெள்ளிக்கெழமை ரெண்டு நாளும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடுனாரு. ரிக்சா இல்லை, ஒண்ணுமில்லை. ரெண்டு கையிலும் தடி ஊனிக்கிட்டு. பொணம் போட்டு வெச்சிருந்த கொட்டாயில துணிய நீக்கி நீக்கிப் பாத்தாரு, நானும் கூடப் போனேன். ஊரையே காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ‘வாங்க பாயி, வாங்க பாயி’ன்னு கூப்பிட்டாலும் ‘தம்பி இல்லாம எப்படிடா’ங்கறாரு. சனிக்கெழமைதான் கெளம்புனோம்.”

“அப்புறம்?” இது திரைக்கு உள்ளிருந்து வந்தது.

“பிரோம் வரைக்கும் ஒண்ணா வந்தோமுங்க. அதுக்கு மேல மலை. இவரால ஏற முடியாது. வடக்க மாந்தலைக்குப் படகு போவுது, அதுல போயி அந்தப் பக்கமா வந்துருவேன்னு ஏறிட்டாரு. படகுல உக்காந்து கையாட்டுனாருங்க. அப்போ அவருக்குக் காலுதான் நோவு, மத்தபடி ஒண்ணுமில்லை. வாந்தியும் இல்லை, பேதியும் இல்லை.”

ஹமீதுன்னிசா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஸஃபர் பிறை இரண்டு, வியாழக்கிழமை. அன்றைக்கு அவள் கணவன் இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு பிணங்களின் முகத்தில் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தான்.

“ரஷீத்” என்றாள்.

“பாபி.”

“ரங்கூன்லேர்ந்து கல்கத்தாவுக்கு ஏரோப்ளேன் எவ்வளவு நேரம்?”

அவன் பாதங்கள் பின்னுக்கு இழுத்துக்கொண்டன.

“அஞ்சு மணி நேரம்.”

“எத்தனை மைல்?”

“அறுநூத்தி அம்பதுன்னு சொன்னாங்க. நடுவுல அக்யாப்ல ஒருக்கா இறங்குது.”

பச்சியப்பன் முதலில் அதைப் புரிந்துகொள்ளவில்லை. “அஞ்சு மணி நேரமா? மொரப்பூர்ல இருந்து மெட்ராசு போறதுக்குக்கூட அதவிட நேரமாகுமே” என்றான். பிறகுதான் அவன் ரஷீதின் கால்களைப் பார்த்தான். தன் கால்களைப் பார்த்தான். “அட” என்று மட்டும் சொன்னான்.

ரஷீத் பேச ஆரம்பித்தான். கடையில் பேசுகிற குரல் இல்லை இது.

“முத்திரை போடத்தான் போனேன். சத்தியமா அதுக்குத்தான் போனேன் பாபி. நாலு மணி நேரம் வரிசையில நின்னேன். முத்திரை போட்ட அதிகாரி, சீட்டு வெச்சிருக்கறவங்க யாரும் வெளியே போகக் கூடாது, லாரி நிக்குது, நேரா விமான மைதானத்துக்கு, விடிஞ்சா விமானம்னு சொல்லிட்டான். பேர் கூப்பிட்டாங்க. அப்துல் ஷுக்கூர்னு கூப்பிட்டாங்க. நான் கையைத் தூக்கிட்டேன்.”

“நான் அவர் தம்பி, அவர் வீட்டுல இருக்கார்னு சொல்லலையா?”

“சொல்லியிருக்கணும்.”

“ராத்திரி முழுக்க மைதானத்துலதானே இருந்த? திரும்பிப் போக வழியில்லையா?”

“இருந்துச்சு. ஏழு மைலோ எட்டு மைலோ. இருந்துச்சு பாபி.”

அஸ்கரி பேகம் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள்.

“உயிரோட இருக்கறவரை ஏன் மவுத்துன்னு சொன்ன?” என்றாள் ஹமீதுன்னிசா.

“தனியா வந்து நிக்கறப்ப அம்மா கேட்டாங்க. விட்டுட்டு வந்தேன்னு சொல்ல வாய் வரலை. கல்கத்தா ஸ்டேஷன்ல பார்த்த, நடந்தே வந்தவங்க எல்லாம், பின்னாடி நின்னவன் எவனும் தப்ப முடியாதுன்னுதான் சொன்னாங்க. நான் சொன்ன கதையெல்லாம் அவங்க சொன்னதுதான். எப்படியும் ஆகப்போறதைத்தானே சொல்றோம்னு...”

“அப்ப ஏன் அந்தத் தேதி? ஏதாவது ஒரு பிறையைச் சொல்லியிருக்கலாமே.”

“ஹஜ்ரத் இத்தாவுக்குக் கேட்டாரு பாபி. ஒரு நாள் பிசகக் கூடாதுன்னு சொன்னாரு. அது அல்லா விஷயம். அதுல போய்ப் பொய்த் தேதி சொல்ல முடியலை. எனக்குத் தெரிஞ்ச ஒரே நிஜமான நாள் அதுதான். நான் ஏறின நாள்.”

“அன்னிக்கு யாரும் சாகலையே, ரஷீத்.”

பச்சியப்பன் புறப்பட எழப்பார்த்தான். எழ முடியாமல் சுவரைப் பிடித்தான். அவனைவிடப் பத்து வயது மூத்தவளான அஸ்கரி பேகம் அவன் அருகில் வந்து குனிந்து கைகூப்பினாள்.

“தம்பி, இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். எனக்கு ரெண்டு பேர். ஒருத்தன் வந்துட்டான். அவனை ஊர் கல்லால அடிச்சுரும்.”

“நா யார்கிட்டயும் சொல்லப் போறதில்லீங்க. ஆனா யாராச்சும் கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டேன்” என்றான் பச்சியப்பன். ரஷீதைத் தாண்டும்போது நின்றான். “அவரு ஒரு நாளுகூட உங்களத் தப்பா நெனைக்கலீங்க. அதச் சொல்லிட்டுப் போயிடறேன்.”

வண்டி போன பிறகு அஸ்கரி பேகம் திரையை விலக்கிக்கொண்டு மருமகள் அருகே உட்கார்ந்தாள்.

“ஹமீதா, இன்னும் ரெண்டரை மாசந்தானே. இப்படியே இருந்துரு. அவன் வந்துட்டா அல்லா குடுத்தான்னு சொல்லிக்கலாம். வரலேன்னா எல்லாம் இருந்த மாதிரியே இருக்கும். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

“வராமப் போகணும்னு நினைக்கறீங்களா?”

“நான் அவனைப் பெத்தவடி.”

“அவர் உயிரோட இருக்கறப்ப நான் விதவைக் கோலத்துல உட்காரணுமா?”

மாமியார் எழுந்துபோய் ரஷீதுக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் காலை வளையல்காரர் தெருவில் கூவிக்கொண்டு போனபோது ஹமீதுன்னிசா வாசலுக்கு வந்து நின்று கூப்பிட்டாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். கழுத்தில் கருகமணி. வளையல்காரர் தலையைக் குனிந்துகொண்டே ஒரு டஜன் வளையல் கொடுத்துவிட்டு அவசரமாக நகர்ந்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“புருஷன் செத்து ரெண்டு மாசம் ஆகலை, அதுக்குள்ள பச்சை கேக்குது பாரு.”

“கொழுந்தன் வந்துட்டான்ல. அதான்.”

இரண்டும் அவள் காதில் விழுந்தன. ஹஜ்ரத் வந்தபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்லம்பள்ளி போய்ப் பச்சியப்பனைப் பார்த்துவிட்டு வந்து, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஒரே வரியில் அறிவித்தார்: அப்துல் ஷுக்கூர் இறந்ததற்குச் சாட்சியில்லை, ஆகையால் அவர் மனைவிக்கு இத்தா இல்லை. அன்று மாலையே ரஷீத் கடையைப் பூட்டிவிட்டு பெங்களூர் போய்விட்டான். போகும்போது அவன் திரும்பிப் பார்த்தது தாயை மட்டும்.

அதன் பிறகு ஏழு மாதம் ஹமீதுன்னிசா கடிதம் எழுதினாள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் விலாசங்களைக் கொடுத்து, ஆங்கிலத்திலும் எழுதித் தந்தார். கல்கத்தா, சிட்டகாங், இம்பால், அஸ்ஸாம். பர்மாவிலிருந்து வந்த அகதிகளின் பெயர்ப் பட்டியல் எங்கெல்லாம் இருக்கும் என்று கேள்விப்பட்டாளோ அங்கெல்லாம். பல இடங்களிலிருந்து பதிலில்லை. ஆகஸ்டில் கல்கத்தாவிலிருந்து ஒரு பதில் வந்தது. குமாஸ்தா அதைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

“அம்மா, நல்ல சேதி. உங்க வீட்டுக்காரர் பத்திரமா வந்து சேர்ந்துட்டார்னு போட்டிருக்கு. அப்துல் ஷுக்கூர், சேலம் ஜில்லா தருமபுரி. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, ரங்கூனிலிருந்து விமானம் மூலம்.”

அவள் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெயருள்ள மனிதர் வந்து சேர்ந்துவிட்டபடியால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை என்று கீழே எழுதியிருப்பதையும் குமாஸ்தா படித்துச் சொன்னார். அவள் மறுபடியும் எழுதினாள். வந்தவர் வேறு ஆள் என்று எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

நவம்பர் இருபத்து நான்காம் தேதி வாணியம்பாடியிலிருந்து ஒரு தபால் வந்தது. உருதுவில், நல்ல கையெழுத்து. எழுதியவர் அஸ்ஸாம் எல்லையில் அகதிகள் முகாம் ஒன்றில் கம்பவுண்டராக இருந்தவர். மலைக்காய்ச்சலில் நாலு மாதம் கிடந்து, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். முகாமில் தம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், தருமபுரி அப்துல் ஷுக்கூர். மழைக்காலத்தில் வடக்குக் காடுகள் வழியாக வந்தவர். வரும்போதே கால் அழுகியிருந்தது. முகாமில் பன்னிரண்டு நாள் இருந்தார். விலாசம் அவரே சொன்னது. ஜமாதுல் ஆகிர் பிறை இருபத்து நாலு, ஜூலை ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை இறந்தார். கம்பவுண்டரும் இன்னும் பதினோரு பேரும் தொழுது அடக்கம் செய்தார்கள். தம்பியின் பெயர் ஏதாவது பட்டியலில் உண்டா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹமீதுன்னிசா அதை மாமியாருக்குப் படித்துக் காட்டினாள். கடைசி வரியையும் படித்தாள். அஸ்கரி பேகம் வாய்விட்டு அழுதாள். மார்ச் மாதம் அழுததைவிடக் கொஞ்சமாகத்தான் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ரஷீதுக்கு எழுதிப் போடு. வரச் சொல்லு. அவன் சொன்னது நடந்துபோச்சு. இனி யாரும் அவனைப் பொய்யன்னு சொல்ல முடியாது.”

“நீங்க வேற யாரையாவது வெச்சு எழுதிக்குங்க” என்றாள் ஹமீதுன்னிசா. “தேதியை மட்டும் சரியாப் போடச் சொல்லுங்க.”

ஹஜ்ரத் வந்தார். கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். இறந்தவருக்காக ஓதினார். பிறகு விரலை மடக்கினார். ரஜப், ஷஃபான், ரமலான், ஷவ்வால். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“எத்தனை நாள் பாக்கி ஹஜ்ரத்?” அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வளையல்களை ஏற்கெனவே கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“பாக்கி இல்லைம்மா.”

“புரியலை.”

“துல்கஃதா பிறை நாலோட முடிஞ்சுபோச்சு. இன்னிக்குப் பதினஞ்சு. மவுத்தான நாள்லேர்ந்துதான் கணக்கு. சேதி தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். பதினோரு நாளைக்கு முன்னாடியே உன் இத்தா முடிஞ்சுபோச்சு. இனி உனக்கு இத்தா கிடையாது. வெள்ளை கட்ட வேண்டியதில்லை. திரை வேண்டியதில்லை. மறு நிக்காஹ்கூடத் தடையில்லை.”

“நான் முன்னாடி இருந்தேனே, நாற்பது நாள். அது?”

“அது இத்தா இல்லைம்மா. அப்ப அவர் உயிரோட இருந்தார்.”

“அவருக்காக நான் இருக்கவே வேண்டாமா?”

ஹஜ்ரத் கடிதத்தை மடித்துக் கதவருகே வைத்தார். “துஆச் செய்” என்றார். “அதுக்குக் கணக்கில்லை.”

அவர் போகும்போதே சேதி தெருவில் பரவிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஏப்ரலில் ஜன்னலைத் திறந்து பேசியவர்களும் வந்தார்கள். ஒருத்தி கையில் மடித்த வெள்ளைச் சேலை இருந்தது. இன்னொருத்தி திரை கட்டக் கயிறு கொண்டுவந்திருந்தாள். ஹமீதுன்னிசா வாசலில் நின்றாள். முதலில் வந்தவளிடம், எந்த நாளில் இறந்தார், எந்த நாளில் கெடு முடிந்தது, சேதி எப்போது வந்தது என்று மூன்று தேதிகளையும் சொல்லி விளக்கினாள். இரண்டாவது வந்தவளுக்கும் விளக்கினாள். அவளுக்குப் புரியாமல் மறுபடி சொன்னாள். மூன்றாவதாகக் கயிற்றோடு வந்தவள், “என்னம்மா இது, திரை கட்டலியா?” என்று கேட்டாள்.

“வேண்டாமாம் அக்கா” என்றாள் ஹமீதுன்னிசா. “நாள் முடிஞ்சுபோச்சு.”